மேசைத் தேய்ப்புப் பொறி

மேசைத் தேய்ப்புப் பொறி என்பது மரம், உலோகம், நெகிழி முதலியவற்றின் பரப்பையும் விளிம்பையும் உப்புத்தாள் கொண்டு தேய்த்து வழவழப்பாக்கவும் வடிவமைக்கவும் பயன்படும் மின்பொறி ஆகும். இது மேசையின் மீது நிலையாகப் பொருத்தப்படும். கையில் பிடித்துப் பயன்படுத்தும் தேய்ப்புக் கருவியைப் பொருளின் மீது நகர்த்துவர். இதிலோ பொருளையே பொறியிடம் கொண்டு செல்வர். பட்டறை வழக்கில் இது சாண்டர், சாண்டிங் மெஷின் என்றும் அழைக்கப்படுகின்றது.

வாளில் இருப்பது போன்ற பற்கள் இதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகையால் வீட்டுப் பட்டறையில் உள்ள பொறிகளுள் இதுவே தீங்கு குறைந்தது எனப் பலரும் கருதுவதுண்டு. ஆனால் இப்பொறியால் இரு வகையான தீங்குகள் நேரலாம். ஒன்று, ஓடும் உப்புத்தாளால் நொடிப்பொழுதில் ஏற்படும் காயம். மற்றொன்று, நுண்ணிய தூசியால் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும் நோய்.

அமைப்பு

வீடுகளில் பரவலாகப் பயன்படும் வகையில் ஒரே மின்னோடியால் இயங்கும் இரண்டு உறுப்புகள் உள்ளன.

பட்டை: இரண்டு உருளைகளின் மேல் ஓடும் முடிவற்ற உப்புத்தாள் பட்டை. 100 மி.மீ. அகலமும் 914 மி.மீ. சுற்றளவும் உடைய பட்டை பரவலாகக் கிடைக்கின்றது. பட்டையைக் கிடையாகவோ செங்குத்தாகவோ நிறுத்திக்கொள்ளலாம்.

தட்டு: உப்புத்தாள் ஒட்டப்பட்ட, சுழலும் உலோக வட்டு. பெரும்பாலும் 150 மி.மீ. விட்டம் உடையது. இதன் முன்னால் பொருளைத் தாங்கும் சிறிய மேடை ஒன்று இருக்கும்.

உப்புத்தாளின் சொரசொரப்பு எண்ணால் குறிக்கப்படும். எண் கூடக் கூடத் தாள் நயமாகும். 60, 80 ஆகியவை வடிவமைக்கவும், 120, 180 ஆகியவை வழவழப்பாக்கவும் பயன்படும்.

வேகமும் சுழலும் திசையும்

நிமிடத்திற்கு 2,850 முறை சுழலும் 150 மி.மீ. தட்டின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் வேகத்தில் செல்கின்றது. இது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திற்குச் சமம். விரல் தட்டில் பட்டதை உணர்ந்து கையை இழுக்கக் கால் நொடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள் 5 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்திற்கு உப்புத்தாள் விரலை உராய்ந்து சென்றிருக்கும். ஆகவே பட்டவுடன் கையை எடுத்துவிடலாம் என்று நம்புவது பாதுகாப்பு ஆகாது.

தட்டின் நடுவில் வேகம் மிகக் குறைவு. விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல வேகம் கூடும். முன்னிருந்து பார்க்கும்போது பெரும்பாலான பொறிகளில் தட்டு இடஞ்சுழியாகச் சுழலும். எனவே தட்டின் இடப் பாதி கீழ்நோக்கியும் வலப் பாதி மேல்நோக்கியும் செல்லும். கீழ்நோக்கிச் செல்லும் பாதியில் வைத்த பொருள் மேடையோடு அழுத்தப்பட்டு நிலையாக நிற்கும். மேல்நோக்கிச் செல்லும் பாதியில் வைத்தால் பொருள் தூக்கி எறியப்படலாம். தூசியும் முகத்தை நோக்கி வரும். சில பொறிகள் எதிர்த்திசையில் சுழல்வதால், பொறியில் உள்ள அம்புக்குறியை முதலில் பார்த்தல் வேண்டும்.

கிடையாக ஓடும் பட்டையின் முனையில் ஒரு தடுப்பு இருக்கும். பட்டை பொருளை இத்தடுப்பை நோக்கி இழுக்கும். தடுப்பைக் கழற்றிவிட்டுக் கையால் மட்டும் பொருளைப் பிடித்தால், பொருள் கையிலிருந்து பறிக்கப்படுவதுடன் விரல்கள் பட்டையின் மீது விழவும் கூடும்.

மேடைக்கும் தட்டுக்கும் இடையிலான இடைவெளி

மேடையின் விளிம்புக்கும் தட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1.5 மி.மீ. இடைவெளியே இருத்தல் வேண்டும். இடைவெளி கூடினால் மெல்லிய பொருள் அதனுள் இழுக்கப்பட்டுச் சிக்கிக்கொள்ளும். பொருளைத் தொடர்ந்து விரலும் செல்லும். மேடையைச் சாய்த்துக் கோணத்தை மாற்றும்போது இவ்விடைவெளியும் மாறக்கூடும். ஆதலால் ஒவ்வொரு முறையும் அதை மீண்டும் சரிசெய்தல் தேவை.

இயக்கும் முறை

1. பொறியை மேசையுடன் திருகாணிகளால் இறுகப் பொருத்த வேண்டும்.
2. உப்புத்தாள் கிழிந்துள்ளதா, தட்டிலிருந்து பெயர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். பட்டையின் உட்புறத்தில் அம்புக்குறி இருப்பின் அது ஓடும் திசையுடன் பொருந்த வேண்டும்.
3. மரத்தில் ஆணி, கம்பி முதலியன இருந்தால் நீக்கிவிட வேண்டும்.
4. தளர்ந்த சட்டைக்கை, துண்டு, சங்கிலி, வளையல், மோதிரம் ஆகியவற்றை நீக்கி, நீண்ட முடியை முடிந்துகொள்ள வேண்டும். கையுறை அணியக் கூடாது. அதன் நுனி சிக்கினால் கை முழுவதும் உள்ளே இழுக்கப்படும்.
5. பொறி முழு வேகத்தை அடைந்த பின்னரே பொருளை மெல்லக் கொண்டு செல்ல வேண்டும். வலிந்து அழுத்தினால் மரம் கருகும். தாளும் விரைவில் தேயும்.
6. பொருளை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.
7. விரல்கள் உப்புத்தாளிலிருந்து 5 செ.மீ. அளவாவது விலகி இருத்தல் நன்று. அவ்வாறு பிடிக்க இயலாத சிறு துண்டுகளைக் கவ்வியில் பற்றியோ பெரிய கட்டையில் தற்காலிகமாக ஒட்டியோ தேய்க்க வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் தட்டு சிறிது நேரம் சுழலும். கட்டையை வைத்து அழுத்தி அதை நிறுத்தக் கூடாது. தாள் மாற்றும்போது மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். மின்தடை ஏற்பட்டால் ஆளியை உடனே அணைத்தல் இன்றியமையாதது. இல்லையேல் மின்சாரம் திரும்பும்போது பொறி தானாகவே ஓடத் தொடங்கும். மின்தடைக்குப் பின் தானே இயங்காதவாறு அமைந்த ஆளிகளும் உள்ளன.

மரத்தூசியும் உடல்நலமும்

இழைப்புளி சுருள்களைத் தருகின்றது. தேய்ப்புப் பொறியோ நுண்துகள்களைத் தருகின்றது. இவற்றுள் 10 மைக்ரோமீட்டரிலும் சிறியவை கண்ணுக்கு எளிதில் புலப்படாமல் நெடுநேரம் காற்றில் மிதந்து நுரையீரலை அடையக் கூடியவை.

இங்கிலாந்தின் ஐ விக்கம் நகரைச் சூழ்ந்த பகுதி நாற்காலித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள தளபாடத் தொழிலாளரிடையே அரிதான மூக்குப் புற்றுநோய் ஒன்று வழக்கத்திற்கு மாறாக மிகுந்திருப்பதை, காது மூக்கு தொண்டை மருத்துவரான எஸ்மி ஹாட்ஃபீல்டு கவனித்தார். டொனால்டு அச்சிசன் முதலியோருடன் அவர் மேற்கொண்ட ஆய்வு 1968 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது. பின்னர் 1995 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. இவ்வாய்வுகள் நாள்தோறும் தூசியில் பணிபுரிந்த தொழிலாளரைப் பற்றியவை. எப்போதாவது பொறியை இயக்குவோர் இவர்களைவிடக் குறைவான தூசியையே சுவாசிக்கின்றனர். எனினும் சாளரம் இல்லாத சிறு அறையில் தூசி விரைவில் செறிவடையும்.

தேக்கு, ஈட்டி ஆகியவற்றின் தூசி சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும், மேற்குச் செஞ்சீடர் மரத்தின் தூசி ஈளை நோயையும் உண்டாக்கும். எம்.டி.எஃப். பலகைகளில் பெரும்பாலானவை ஃபார்மால்டிகைடு கலந்த பிசினால் ஒட்டப்பட்டவை. பழைய கதவு, சாளரங்களில் உள்ள வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் 1978 இல் தடைசெய்யப்பட்டது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு விதிகள் அதன் அளவை மில்லியனில் 90 பங்காக வரையறுத்தன. பழைய வண்ணப்பூச்சு உடைய மரத்தை வீட்டினுள் பொறியில் தேய்க்காமல் இருப்பதே தக்கது.

தூசி உறிஞ்சியைப் பொறியுடன் இணைப்பதே முதன்மையான தடுப்பு முறை. முகமூடி அதற்குத் துணையே. முகத்தில் கட்டும் துணி நுண்துகள்களைப் போதிய அளவு தடுப்பதில்லை. என்95, எஃப்.எஃப்.பி.2 வகை முகமூடிகள் முகத்தோடு நன்கு பொருந்தினால் மட்டுமே பயன் தரும். பணி முடிந்ததும் தூசியைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பொறியை நிறுத்தியவுடன் முகமூடியைக் கழற்றுவதும் தவறு. துகள்கள் அப்போதும் காற்றில் இருக்கும்.

கண், காது

எறியப்படும் துகள்களிலிருந்து காக்கப் பக்கமறைப்பு உடைய பாதுகாப்புக் கண்ணாடி தேவை. 85 டெசிபெல் ஒலியை 8 மணி நேரம் கேட்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லையாகும். தூசி உறிஞ்சியும் பொறியும் சேர்ந்து இயங்கும்போது ஒலி இதனைத் தாண்டக் கூடும் என்பதால் காதடைப்பான் அணிதல் நன்று.

தீ விபத்து

இரும்பைத் தேய்க்கும்போது தீப்பொறிகள் பறக்கும். பொறியிலோ உறிஞ்சியிலோ மரத்தூள் தேங்கியிருப்பின், அதில் விழுந்த பொறி வெளியே தெரியாமல் கனன்று, பட்டறையைப் பூட்டிச் சென்ற பின்னர் தீயாக மாறலாம். எனவே மரத்திலிருந்து இரும்புக்கு மாறுமுன் பொறியை முழுவதும் தூய்மை செய்து, உறிஞ்சியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்து தீப்பற்றினால் மிகுந்த வெப்பத்துடன் எரியும். இவ்விரு உலோகங்களின் தூளை ஒன்றாகச் சேரவிடுதல் கூடாது.

இவற்றையும் பார்க்கவும்

உப்புத்தாள்
இழைப்புளி
தச்சுத்தொழில்