ஒரு மரம், ஒரு வெட்டு



நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட பால் வெட்டும் கத்திக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் மனத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் சிறு பங்கே முளைத்தது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன.

மரம் வந்தது; பால் எடுக்கும் நல்ல வழி வரவில்லை. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் கொத்தியே பால் எடுத்தார்கள். மரம் புண்பட்டது. 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, பொறுமையாக மரங்களைச் சோதித்துப் பார்த்தார். புதிது புதிதாகக் கொத்த வேண்டாம். ஒரே வெட்டின் கீழ் விளிம்பை மெல்லச் சீவி வந்தால் பால் முன்னிலும் மிகுதியாக வடியும் என்று கண்டார். ரப்பர் நடுங்கள் என்று அவர் சொன்னபோது, தோட்ட முதலாளிகள் 'பைத்தியக்கார ரிட்லி' எனக் கேலி செய்தனர். 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பர் தோட்டம் போட்டார். பிறகு நம் ஜொகூரிலும் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. கடல் கடந்து வந்த நம் முன்னோர் கைகளுக்கு அந்தக் கத்தி வந்தது.

அது எளிய வேலையன்று. பட்டையின் உட்புறத்தில் பால் குழாய்கள் உள்ளன. அவற்றுக்கும் கட்டைக்கும் இடையே மிக மெல்லிய வளர்படை ஒன்று இருக்கிறது. புதுப் பட்டையைத் தருவது அதுவே. கத்தி மேலாகப் போனால் பால் குறையும். ஆழப் போனால் வளர்படையில் காயம் விழும். சீவும் பட்டையோ ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். எண்ணம் வேறிடம் போனால் கை தவறிவிடும்.

என் தாயார் பால் வெட்டியவர். தகப்பனாரின் கருமாதி முடிந்த மறுநாளே பெரட்டுக்குப் போனார். அன்று பல மரங்களில் காயம், ஏச்சும் கிடைத்தது. பின்னாளில் அவர் எங்களிடம் சொன்னார்: "கடன நெனச்சா மரத்துல காயம் விழுது. அதனால கத்தி போற கோட்ட மட்டும் பார்த்தேன். நிரை முடியிறப்ப நெஞ்சு பாரம் கொஞ்சம் கொறஞ்சிருந்துச்சு."

மாலையில் துக்கம் திரும்பி வந்தது. ஆயினும் காலையில் சில மணி நேரம் மனம் இளைப்பாறியது. ஒன்றில் முழுமையாக ஊன்றிய மனத்தில் கவலை புக இடம் குறைவு.

கவனம் கடனை அடைத்துவிடாது. கூலிக் குறையையும் தீர்க்காது. அவற்றுக்கு வேறு வழி தேடத்தான் வேண்டும். ஆனால் கலங்கிய மனத்துக்கு வழி புலப்படாது. தெளிந்த மனத்துக்கே புலப்படும்.

இன்று பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. கத்தி இல்லாத வீட்டிலும் அந்தப் பழக்கம் இருக்கலாம். பிள்ளை எழுதும்போது தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். கீரை ஆயும்போது கீரையையே பாருங்கள். மனம் விலகினால் கடிந்து கொள்ள வேண்டாம். கத்தியைக் கோட்டுக்குத் திருப்புவது போல மெல்லத் திருப்புங்கள். அடுத்த மரம் அங்கேயே நிற்கும். முதலில் இந்த மரம்.