வழக்கறிஞர் இணையதளம்

வழக்கறிஞரோ சட்ட நிறுவனமோ தம் தொழில் விவரங்களை வெளியிடும் தளம். இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் இணையதளத்துக்கு வரம்புடன் அனுமதி தந்தது: பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவு நாள், பார் கவுன்சில், சங்க உறுப்பினர் விவரம், கல்வித் தகுதி, வழக்காடும் துறைகள். இணையவழியில் வழக்கறிஞர்களுக்குக் கட்சிக்காரர்களைப் பிடிப்பதன் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

தளத் தேர்வு: 2003இல் வெளியான வேர்ட்பிரஸ் திறமூல மென்பொருள். பக்கத் தலைப்பு, முகவரி, விவரணை ஆகியவற்றை விரும்பியபடி திருத்தலாம். வேறு சர்வருக்கும் மாற்றலாம். பராமரிப்பும் பாதுகாப்பும் உரிமையாளர் பொறுப்பு. விக்ஸ் என்ற தளம் உருவாக்கும் சேவையில் அந்தச் சுமை குறைவு. ஆனால் தளத்தை அப்படியே வேறிடம் கொண்டுபோக முடியாது. கூகுள் கைபேசிப் பதிப்பையே முதன்மையாகப் பார்ப்பதால், தளம் கைபேசியில் விரைந்து திறக்க வேண்டும்.

திருவண்ணாமலை வழக்கறிஞர் ஒருவர் ‘உரிமையியல் வழக்குகள், திருவண்ணாமலை’ எனப் பக்கத் தலைப்பு வைப்பது உள்ளூர்த் தேடலுக்கு உதவும். ஆனால் ‘வெற்றி உறுதி’ என எழுதுவது விளம்பரம். எந்தத் தளத்தைத் தேர்ந்தாலும் 36ஆம் விதி பொருந்தும்.