புலாவ் செபாங்: வெளிநாட்டவர் வீடு வாங்குதலும் கிரிப்டோ பணமும்

புலாவ் செபாங், மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டிய ஊர். ரயில் நிலையத்துக்கே 'புலாவ் செபாங்/தம்பின்' என்று இரட்டைப் பெயர். வீடு வாங்க வருகிறவருக்கு இது வெறும் பெயர் விஷயமல்ல. மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் என்றால் அலோர் காஜா நில அலுவலகம், அந்தப் பக்கம் என்றால் நெகிரி செம்பிலானின் தம்பின் நில அலுவலகம். வெளிநாட்டவருக்கான விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

வெளிநாட்டுப் பணம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. மலாக்காச் சீன வணிகர் தான் சே யான் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்த சில ஆண்டுகளில் லண்டனில் பங்கு விற்ற கம்பெனிகள் இங்கே தோட்டம் போட்டன; பால்மரம் சீவத் தமிழர் வந்து லயங்களில் குடியேறியது அந்தப் பணத்தின் பின்னால்தான். அதே பணம் வெளியேறியபோது அடி விழுந்ததும் அவர்களுக்கே. 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போன அன்றே கூரையும் போயிற்று. இதற்கு மறுமொழியாக 1960-இல் அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கிய சங்கம் அது. (ரிங்கிட்டை மலேசியத் தமிழர் வெள்ளி என்றே சொல்வர்.) பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்ந்தது. அதன்படி 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் அனுமதியின்றி விற்கவோ துண்டாடவோ முடியாது.

இன்று வெளிநாட்டவர் வீடு வாங்க அதே சட்டத்தின் 433பி பிரிவின்படி மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். மலாக்காவில் தரைவீட்டுக்குக் குறைந்தபட்ச விலை 10 லட்சம் வெள்ளி, அடுக்குமாடி வீட்டுக்கு 5 லட்சம். புலாவ் செபாங்கின் ஒற்றை மாடி வரிசை வீடுகள் அந்த விலையின் பக்கத்தில்கூட வருவதில்லை. ஆக, வெளிநாட்டவரை இங்கே தடுப்பது விலையேற்றமல்ல, விலைக் குறைவு. 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' திட்டத்தின் வெள்ளிப் பிரிவில் சேருவோர் 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை கட்டி, 6 லட்சம் வெள்ளிக்குக் குறையாத வீடு வாங்க வேண்டும். மாநிலத்தின் வரம்பு அதற்கு மேல் தனி. முத்திரை வரி 2024-இல் வெளிநாட்டவருக்கு ஒரே விகிதமாக 4 விழுக்காடு ஆனது. குடியிருப்பு வீடுகளுக்கு அதை 8 ஆக்குவதாக 2026 வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. வாங்கி ஐந்து ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி.

கிரிப்டோ இந்த வரிசையில் எங்கே நுழைகிறது? மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அதைச் சட்டப்படியான செலாவணியாக ஏற்கவில்லை. 2019 ஜனவரி 15 முதல் அது பங்குப் பத்திரங்களைப் போலப் பத்திர ஆணையத்தின் மேற்பார்வையில் இருக்கிறது. எனவே 'பிட்காயினுக்கு வீடு' என்று ஏஜென்ட் சொன்னாலும் நடைமுறை இதுதான்: ஆணையத்தில் பதிவு பெற்ற லூனோ போன்ற சந்தையில் காசை விற்று, வெள்ளியாக்கி, வங்கி வழியாக வழக்கறிஞரின் கணக்கில் சேர்ப்பது. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி வழக்கறிஞரும் தகவல் தர வேண்டியவர். பணம் வந்த வழியைக் கேட்பார். ஒப்பந்தத்தில் விலையும் முத்திரை வரியும் வெள்ளியில்தான். கையெழுத்துக்கும் முழுத்தொகைக்கும் இடையே மாதக்கணக்கில் ஓடும். அதற்குள் பிட்காயின் சரிந்தால் நட்டம் வாங்குபவருடையது.

மலாக்கா நீரிணைக் கரையில் டிஎம்ஐ என்ற தனிக் கிரிப்டோ நாணயத்தில் வரவு செலவு நடக்கும் 'மலாக்கா ஸ்ட்ரெயிட்ஸ் சிட்டி' 2018-இல் ஆரவாரமாக அறிவிக்கப்பட்டது. கரையோரக் கனவு அது. புலாவ் செபாங் ஊர்க்காரர் கவலையெல்லாம் கிராண்ட் பற்றியது.

கிராண்ட் என்பது நில உரிமைப் பத்திரம். அதில் நிபந்தனை, உரிமைக் கட்டுப்பாடு என்ற இரு கட்டங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விவசாய நிலம் என்று இருந்தால் வீடு கட்ட நிலவகை மாற்ற வேண்டும். சுற்றிலும் உள்ள, முன்பு நானிங் சிற்றரசாக இருந்த பகுதியில் மலாக்கா வழக்காற்று நிலம் நிறைய. அது மலாய்க்காரருக்குள் மட்டுமே கைமாறும் என்பது பொது விதி. பாஸ்போர்ட்டோடு வரும் வெளிநாட்டுக்காரரும், நான்கு தலைமுறையாகப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தமிழரும் அந்தக் கட்டத்தின் முன்னே ஒன்றுதான்.