மட்குவளையும் பந்தும்



என் இளமையில் நாமக்கல் வட்டாரத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடையொன்றில் இருவகைக் குவளைகள் இருந்தன. ஒருவகை மேசைமீது இருக்கும். மற்றொருவகை கூரை விளிம்பில் செருகப்பட்டிருக்கும். எது யாருக்கு என்பதை அறிந்திருந்த நான், ஏன் என்று கேட்டேனில்லை. அவற்றை நினைக்குந்தோறும் பல்வங்கர் பாலு என்னும் கிரிக்கெட் வீரரின் வரலாறு என் நெஞ்சில் எழுகிறது.

பாலு 1876இல், தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். புனே நகரில் ஐரோப்பியர் சங்கமொன்றில் ஆடுகளத்தைச் செப்பனிடும் பணியாளரானார். மாதச் சம்பளம் 4 ரூபாய். பயிற்சி செய்யும் ஆங்கிலேயருக்கு இடக்கையால் பந்து வீசுவதும் அவர் வேலையாயிற்று. மட்டை பிடிக்கும் வாய்ப்போ அவருக்கு அளிக்கப்படவில்லை. ஆயினும் நாள்தோறும் வீசி வீசி, பந்தைச் சுழற்றும் கலையில் அவர் தேர்ந்தார்.

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய புனே இந்து அணியினர் பாலுவைச் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ மற்றவர்க்கு மண்டபத்தினுள்ளே பீங்கான் கோப்பை. அவருக்கு வெளியே மட்குவளை!

பின்னர் அவர் பம்பாய் சென்றார். 1906இல் அங்கு இந்து அணி ஐரோப்பியரை வென்றதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பல ஆட்டங்களில் தோற்றது. பாலுவோ, தம் முப்பத்தைந்தாம் வயதில், 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இத்துணைத் திறமையிருந்தும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. தம்பி விட்டல் 1923இல் அதனை ஏற்றபோதுதான் அக்குறை நீங்கியது.

1932ஆம் ஆண்டுப் புனே உடன்படிக்கையில், சேலத்தில் வழக்கறிஞராய் விளங்கிய இராஜாஜியின் கையொப்பத்தோடு பாலுவின் கையொப்பமும் இடம்பெற்றது. ஆடுகளம் பெருக்கிய கை, நாட்டின் வரலாற்றிலும் பதிந்தது. 1955இல் அவர் மறைந்தார்.

மாணவர்களே, ஒருவரின் திறமையை ஏற்று, அவரை ஏற்க மறுப்பது நேர்மையாகாது. ஆட்டம் முடிந்து தண்ணீர்ப் பானையருகே நீங்கள் கூடும்போது, யாரேனும் விலகி நிற்கிறார்களா என்று பாருங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வியை நீங்கள் கேளுங்கள்.