போர்ப் படங்களில் பழைய விமானங்கள்

உலகப் போர்க் கதைகளைச் சொல்லும் படங்களில் அந்தந்தக் காலத்து விமானமே பறப்பது அபூர்வம். கையில் கிடைத்த வேறொன்று வண்ணம் பூசி, ஒட்டுவேலை செய்து, வேடம் கட்டி வரும். சிறந்த படத்துக்கான முதல் ஆஸ்கர் விருது பெற்ற 'விங்ஸ்' (1927) படத்திலேயே இது தொடங்கிவிட்டது. இயக்குநர் வில்லியம் வெல்மன் முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். அப்படியிருந்தும், ஜெர்மன் விமானங்களாக அவர் காட்டியவற்றில் அமெரிக்க ராணுவத்தின் கர்டிஸ் விமானங்களும் உண்டு.

இந்த வேடத்தின் உச்சம் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' (1969). ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஹேமிஷ் மஹாடி படத்துக்காக பிரிட்டிஷ் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயர்களையும் ஹரிக்கேன்களையும் தேடித் திரட்டினார். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு ஸ்பெயினைத்தான் நாட வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அந்த நாடு 109-ஐத் தயாரிக்க உரிமம் பெற்றிருந்தது. ஆனால் ஜெர்மன் எஞ்சின்கள் வந்து சேரவில்லை. பிறகு 1950-களில் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். ஸ்பிட்ஃபயருக்குள் இருந்ததும் மெர்லின்தான். ஆகவே படப்பிடிப்பு வானில் துரத்தியதும் துரத்தப்பட்டதும் ஒரே எஞ்சின் குடும்பம். ஹெய்ன்கெல் குண்டுவீச்சு விமானங்களாக வந்த ஸ்பானியத் தயாரிப்புகளுக்கும் அதே எஞ்சின். ஆனால் ஒன்று: 1935-இல் 109-இன் முதல் மாதிரி பறந்ததும் ரோல்ஸ் ராய்ஸின் கெஸ்ட்ரல் எஞ்சினில்தான்!

வித்தியாசத்தைப் பார்க்க மூக்கைக் கவனித்தால் போதும். ஜெர்மன் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது. புகைக்குழாய்கள் தாழ்வாக இருக்கும். மெர்லினில் அவை மேலே ஏறிவிடும், அடித்தாடையும் தொங்கும். நெஞ்சு புடைத்த புறாவின் பெயரால் ஸ்பெயின்காரர்கள் இதை 'புச்சோன்' என்றார்கள். படக்குழு இறக்கை நுனிகளைச் சதுரமாக வெட்டி, வாலுக்குப் போலித் தாங்கிகளும் வைத்தது. தாடையை மட்டும் மறைக்க வழியில்லை. கணினிச் சித்திரம் வராத காலத்தில் வானம் நிறைய நிஜ விமானங்களைப் பறக்கவிட்ட படத்திடம் இந்தத் தாடைக்காகச் சண்டை பிடிப்பது கொஞ்சம் அதிகம்தான்.

பேர்ள் ஹார்பர் தாக்குதலைச் சொன்ன 'டோரா! டோரா! டோரா!' (1970) அமெரிக்கப் பயிற்சி விமானங்களை ஜப்பானிய ஜீரோ போர் விமானங்களாக மாற்றியது. வேறொரு வகைப் பயிற்சி விமானத்தின் வாலை ஒட்டி, உடலை நீட்டி, டார்பிடோ விமானமும் செய்தார்கள். அந்தப் படத்தின் காட்சிகளையே 'மிட்வே' (1976) எடுத்தாண்டது. வேடமே ஆவணம்போல ஆகிவிடும் ஆபத்து இங்கேதான்.

நோலனின் 'டன்கர்க்' (2017) அசல் ஸ்பிட்ஃபயர்களைப் பறக்கவிட்டது. ஆனால் ஜெர்மன் விமானத்தின் மூக்கில் மஞ்சள் பூசியிருந்தது. படம் சொல்லும் டன்கர்க் படைமீட்பு நடந்தது 1940 மே, ஜூனில். மஞ்சள் மூக்கு பரவலானது அதற்குப் பின்பு. யார் எவர் என்று பார்வையாளருக்குப் புரியட்டும் என்று இயக்குநர் தெரிந்தே செய்த பிழை இது. மஞ்சள் மூக்கோடு வந்ததும் 1969 படத்தில் நடித்த ஒரு பழைய புச்சோன்தான்.