மேற்கு ரயில் பாதையும் சென்னையின் புதிய சினிமாவும்

2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘காதலில் சொதப்புவது எப்படி’ வெளியானது. மே மாதம் ‘வழக்கு எண் 18/9’, ஆகஸ்ட் 15 அன்று ‘அட்டகத்தி’, அக்டோபரில் ‘பீட்சா’, நவம்பர் கடைசியில் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’. இந்த ஐந்தில் நான்கு படங்களின் இயக்குநர்களுக்கு அதுவே முதல் தமிழ்ப் படம். அந்த ஆண்டில் எழுந்த அலைக்குக் காரணமாக டிஜிட்டல் கேமராவையும் தொலைக்காட்சிக் குறும்படப் போட்டியையும் சொல்வது வழக்கம். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த விளக்கத்தில் ஊர் விடுபட்டுப்போகிறது. சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் போகும் மின்சார ரயில் பாதையை ஒட்டிய ஊர்களைச் சேர்த்துப் பார்க்காமல் இந்த வரலாற்றை எழுத முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆவடி மாநகராட்சிக்கு உட்பட்ட சேக்காட்டில் நின்றுகொண்டு பார்த்தால் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

மாற்று சினிமாவுக்கான முயற்சி சென்னையில் புதிதல்ல. தொழிற்சங்கக் கதையான ‘பாதை தெரியுது பார்’ படத்தை, வங்கத்தில் ‘சின்னமூல்’ எடுத்த நிமாய் கோஷ் 1960-இல் இங்கே இயக்கினார். சேரி வாழ்க்கையைப் பற்றிய தன் கதையை ஜெயகாந்தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று தானே படமாக்கினார். அதற்குத் தேசிய அங்கீகாரம் கிடைத்தது. பரவலான திரையீடு கிடைக்கவில்லை. பிறகு ஜான் ஆபிரகாமின் ‘அக்கிரகாரத்தில் கழுதை’, அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்த ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’, ஜெயபாரதியின் ‘குடிசை’ என்று 1970-களின் இறுதியில் ஒரு கொத்தாகப் படங்கள் வந்தன. ஒவ்வொன்றும் தனி மனிதர்களின் பிடிவாதத்தால் உருவானது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வரவில்லை. அவற்றை ஓர் இயக்கம் என்று அழைக்க நான் தயங்குவது அதனால்தான்.

படம் பார்க்கும் பழக்கத்தை வளர்த்தவை திரைப்படச் சங்கங்கள். சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு 1959-இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது சென்னைச் சங்கமும் அதில் இருந்தது. 2003-இலிருந்து சென்னை சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. இவற்றின் பங்களிப்பு பெரிது. ஆனால் திரையிடல்கள் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் ரஷ்யக் கலாசார மையம், அண்ணா சாலையின் பிலிம் சேம்பர் அரங்கு, அயல்நாட்டுக் கலாசார நிலையங்கள் என்று எல்லாமே நகரின் நடுவிலும் தெற்கிலும்தான் விழும். மாலைக் காட்சி முடிந்து விவாதமும் கேட்டுவிட்டு, பேருந்து பிடித்து சென்ட்ரல் வந்து, லோக்கல் ஏறி ஆவடியில் இறங்கி, சேக்காட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவர் விவாதத்தின் பாதியிலேயே எழுந்தாக வேண்டும். மேற்குப் புறநகர்க்காரருக்கு உள்ளூரில் சினிமா என்றால் அம்பத்தூர் ராக்கி, முருகன் போன்ற திரையரங்குகள். அங்கே வருவது வெகுஜனப் படங்கள் மட்டுமே.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியவை சிற்றிதழ்களும் பயிற்சிப் பட்டறைகளும். திருநாவுக்கரசின் ‘நிழல்’ இதழ், பதியம் அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராகக் குறும்படப் பட்டறைகள் நடத்தியது. 2008 வாக்கில் தொடங்கிய தமிழ் ஸ்டுடியோ, குறும்படங்களைத் தொடர்ந்து திரையிட்டு விவாதித்தது.

இனி, கேமரா. 35 மி.மீ. பிலிமில் ஆயிரம் அடி ரோல் ஒன்று வினாடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஓடினால் பதினோரு நிமிடங்களில் தீர்ந்துவிடும். நானூறு அடி ரோல் என்றால் நாலரை நிமிடம்கூடத் தாங்காது. முதல் முறையாக நடிக்க வந்த ஒருவர் வசனத்தை மறந்து நிற்கும் ஒவ்வொரு ரீடேக்கும் தயாரிப்பாளரின் கண் முன்னால் பிலிமாக ஓடும். புதுமுகங்களையும் தெருவில் கண்டெடுத்த மனிதர்களையும் நடிக்க வைப்பதற்கு இருந்த பெரிய தடை இந்தக் கணக்குதான். பி.சி. ஸ்ரீராம் 2004-இல் ‘வானம் வசப்படும்’ படத்தையும், அடுத்த ஆண்டு கமல் ஹாசன் தரப்பு ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ படத்தையும் டிஜிட்டலில் எடுத்தபோதும் அந்தக் கருவிகள் எளியவர் கைக்கு எட்டவில்லை. 2008, 2009-இல் வந்த கேனன் 5டி மார்க் 2, 7டி ஆகிய ஸ்டில் கேமராக்கள் நிலைமையை மாற்றின. பாலாஜி சக்திவேல் ‘வழக்கு எண் 18/9’ படத்தை 7டி-யில் எடுத்தார். ஒளிப்பதிவு விஜய் மில்டன். அதே ரகக் கேமரா ஆவடி, பூந்தமல்லி கல்யாண வீடியோக்காரர்களிடமும் இருந்தது. சினிமாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒரே கருவி என்ற நிலை அதற்கு முன் இருந்ததே இல்லை.

கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி 2009 வாக்கில் தொடங்கியது. பின்னாளில் ‘சூது கவ்வும்’ எடுத்த நலன் குமரசாமி, ‘பீட்சா’வின் கார்த்திக் சுப்புராஜ், ‘காதலில் சொதப்புவது எப்படி’யின் பாலாஜி மோகன் ஆகியோர் அதில் குறும்படங்கள் எடுத்துப் பெயர் பெற்றார்கள். கோடம்பாக்கத்தில் வாடகை அறை எடுத்து, சம்பளமும் நிச்சயமில்லாமல் ஆண்டுக்கணக்கில் உதவி இயக்குநராக இருப்பதுதான் அதுவரை சினிமாவின் நுழைவாயில். அதைத் தாண்டி உள்ளே வர இன்னொரு வழி திறந்தது. தயாரிப்பாளர் சி.வி. குமாரின் திருக்குமரன் என்டர்டெயின்மென்ட், ‘அட்டகத்தி’, ‘பீட்சா’, ‘சூது கவ்வும்’ என்று அடுத்தடுத்துப் புதியவர்களை நம்பியது. படங்களை ஓர் அலையாகச் சேர்த்துப் பிடித்தது அந்தத் துணிவு. இதற்கு உரிய மதிப்பை ஆய்வுகள் இன்னும் கொடுக்கவில்லை.

‘அட்டகத்தி’யின் இயக்குநர் பா. ரஞ்சித், ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்துக்காரர். படித்தது அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி நிற்பது பூந்தமல்லி நெடுஞ்சாலையில், சென்ட்ரலுக்கு அருகில். மேற்குப் புறநகரிலிருந்து மின்சார ரயிலிலோ பேருந்திலோ நேராக வந்து இறங்கக்கூடிய இடம். உலக சினிமா தன்னைத் தொட்டது கல்லூரி நாட்களில்தான் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தென்சென்னைச் சங்கங்கள் எட்டாத ஒரு பையனுக்கு, தன் ரயில் பாதையின் முடிவில் இருந்த கல்லூரி அந்த வேலையைச் செய்தது. வெங்கட் பிரபுவிடம் ‘சென்னை 600028’ படத்தில் உதவி இயக்குநராக இருந்தது அதற்குப் பிறகு.

‘அட்டகத்தி’ நகரமும் இல்லாத, கிராமமும் இல்லாத ஊரைக் காட்டியது. பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத் தாளில் தவறிய தினகரன் டுடோரியலுக்குப் பேருந்தில் போகிறான். பின்னாளில் கல்லூரியில் ‘ரூட்டு தல’, அதாவது ஒரு பேருந்துத் தடத்தில் வரும் மாணவர்களின் தலைவன், ஆகிறான். அவன் காதல் எல்லாமே பேருந்திலும் நிறுத்தத்திலும் நடக்கிறது. வீட்டில் அப்பா குடித்துவிட்டுப் பேசுகிறார், அம்மா அதட்டுகிறார். இழவு வீட்டிலும் திருவிழாவிலும் ஒலித்துவந்த கானாவை, அறிமுக இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் கானா பாலாவின் குரலில் படத்தின் நடுவே வைத்தார். இதையெல்லாம் ஒரு தலித் குடும்பத்தின் சாதாரண நாட்களாக, துயரப் புராணமாக்காமல் சொன்னதுதான் படத்தின் புதுமை. சிரிப்பும் சில்லறைக் காதலும் உள்ள தலித் இளைஞன் அதுவரை தமிழ்த் திரையில் கதாநாயகனாக வந்தது அரிது.

ரஞ்சித்தின் அடுத்த படங்களில் கதாபாத்திரங்களின் கையில் புத்தகங்கள் வந்தன. ‘மெட்ராஸ்’ படத்தில் வடசென்னை ஐ.டி. ஊழியன் காளி ‘தீண்டாத வசந்தம்’ நாவலைப் படிக்கிறான். ‘கபாலி’ படத்தின் நாயகன் சிறையில் படிப்பது ‘மை ஃபாதர் பாலையா’. ஒரு ரயில்வே தொழிலாளர் குடும்பத்தின் கதை அது. 2018-இல் ‘பரியேறும் பெருமாள்’ வழியாக ரஞ்சித்தின் நீலம் புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பில் இறங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. உதவி இயக்குநர்கள் உட்கார்ந்து படிக்கவும் படம் பார்க்கவும் ‘கூகை’ திரைப்பட இயக்கம் நூலகம் அமைத்தது. படத் தயாரிப்பு, இசை, நூலகம், நடிகை பி.கே. ரோசி பெயரிலான திரைப்பட விழா என்று ஒன்றையொன்று தாங்கும் அமைப்புகள் வந்த பிறகுதான் இதை இயக்கம் என்று தயங்காமல் சொல்ல முடிகிறது. 1970-களுக்கு வாய்க்காதது இதுதான்.

இந்த வாதத்துக்கு வரம்பு உண்டு. ‘பரியேறும் பெருமாள்’ இயக்குநர் மாரி செல்வராஜ் தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவர். கார்த்திக் சுப்புராஜ் மதுரைக்காரர். மேற்குப் பாதைதான் எல்லாவற்றையும் பெற்றெடுத்தது என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும் 2024 ஜனவரியில் நீலம் பங்கேற்புடன் வந்த எஸ். ஜெயக்குமாரின் ‘ப்ளூ ஸ்டார்’, அதே ரயில் பாதையின் மறுமுனையான அரக்கோணத்தில், சாதியால் பிரிந்த இரண்டு கிரிக்கெட் அணிகளின் கதையைச் சொன்னது. பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தப் பாதை தமிழ் சினிமாவின் ஒரு நிலையான கதைக்களமாகிவிட்டது.

பெண் இயக்குநர்கள் இந்த வரிசையில் மிகக் குறைவு. ஹலிதா ஷமீமின் ‘பூவரசம் பீப்பீ’ 2014-இல் வந்தது. அதுபோன்ற பெயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரவுப் படப்பிடிப்பு முடிந்து கடைசி வண்டியில் ஆவடிக்குத் திரும்ப வேண்டிய பெண் உதவி இயக்குநரின் நிலையை எந்த ஆய்வும் கணக்கில் எடுத்ததில்லை. அதைவிட வருத்தம் தருவது இன்னொரு விடுபடல். 2000-களின் தொடக்கத்திலேயே, அரக்கோணம் அருகே மாங்காட்டுச்சேரியில் அருந்ததியர் பெண் குழந்தைகளைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைப் பற்றி லீனா மணிமேகலை ‘மாத்தம்மா’ எடுத்தார். சிறிய ஆவணப்படம், திரையரங்குக்கு வராதது. மேற்குப் பாதையின் சினிமாவை ‘அட்டகத்தி’யிலிருந்து தொடங்கும் கால வரிசையை அந்தப் படம் பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளுகிறது.