குதிகால் குருதிச் சோதனையின் வரலாறு

குதிகால் குருதிச் சோதனை என்பது, பிறந்து இரண்டு மூன்று நாட்களே ஆன குழந்தையின் குதிகாலில் சிறு ஊசியால் குத்தி, வரும் சில துளி குருதியைத் தடித்த வடிதாளில் ஒற்றி எடுத்து, பிறவி நோய்கள் சிலவற்றைக் கண்டறியும் முறையாகும். வடிதாளில் உலர்ந்த குருதிப் பொட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே சோதிக்கப்படுகிறது. நோய் வந்தபின் அதன் காரணத்தைத் தேடுவதே மருத்துவத்தின் பொதுவான வழக்கம். இச்சோதனை அதற்கு மாறானது. நோயின் அறிகுறி எதுவும் இல்லாத எல்லாக் குழந்தைகளுக்கும் இது செய்யப்படுகிறது. அறிகுறி தெரியும்வரை காத்திருந்தால் மருத்துவத்தால் பயன் இருக்காது என்பதே இதற்குக் காரணம். இந்த உண்மையை மருத்துவ உலகம் பினைல்கீட்டோனூரியா என்ற ஓர் அரிய நோயின் வழியாகவே கற்றுக்கொண்டது.

பினைல்கீட்டோனூரியா

பால், முட்டை, இறைச்சி, பருப்பு முதலிய உணவுகளில் உள்ள புரதத்தில் பினைல்அலனின் என்னும் அமினோ அமிலம் உண்டு. உடலுக்குத் தேவையான அளவு போக எஞ்சியதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி, டைரோசின் என்னும் வேறோர் அமினோ அமிலமாக மாற்றுகிறது. இந்த நொதி பிறவியிலேயே செயல்படாமல் இருக்கும் நிலையே பினைல்கீட்டோனூரியா. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெற்ற குழந்தைக்கே இந்நோய் வரும். குறையுள்ள மரபணு ஒன்றை மட்டும் கொண்ட பெற்றோர் நலமாகவே இருப்பர். அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

கருப்பையில் இருக்கும்வரை மிகுதியான பினைல்அலனினைத் தாயின் உடலே நீக்கிவிடுகிறது. ஆகவே குழந்தை எந்தக் குறையும் இன்றிப் பிறக்கிறது. பால் குடிக்கத் தொடங்கியதும் அந்த அமினோ அமிலம் குருதியில் சேர்ந்துகொண்டே போகிறது. வளரும் மூளையைக் கெடுக்கிறது. சில மாதங்களில் வளர்ச்சி பின்தங்குவது தெரியவரும். வலிப்பும் தோல் படையும் வரக்கூடும். முடியும் தோலும் வெளிறிக் காணப்படும். சிறுநீரில் பூஞ்சை பிடித்த பொருளின் வாடை வீசும். இந்த அறிகுறிகள் வெளிப்படையாகத் தெரியும்போது மூளையில் ஏற்பட்ட கேட்டை மாற்ற முடியாது.

நோய் கண்டறியப்படுதல்

1934-ஆம் ஆண்டு நார்வே நாட்டின் ஒஸ்லோ நகரில், ஒரு தாய் தம் இரு குழந்தைகளுடன் மருத்துவர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங்கைச் சந்தித்தார். குழந்தைகள் இருவருக்கும் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. இருவரும் ஏன் இப்படி ஆனார்கள், அவர்கள்மீது வீசும் விநோதமான வாடைக்குக் காரணம் என்ன என்று அத்தாய் பல மருத்துவர்களிடம் கேட்டும் விடை கிடைக்கவில்லை. வேதியியலும் கற்றவரான ஃபோலிங், குழந்தைகளின் சிறுநீரில் பெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்துப் பார்த்தார். கீட்டோன்கள் இருந்தால் செம்பழுப்பு நிறம் தோன்ற வேண்டும். ஆனால் அவர் கண்டது பச்சை நிறம்.

இது மருந்துகளால் வந்த நிறமாக இருக்கலாம் என்று எண்ணி, எல்லா மருந்துகளையும் நிறுத்தச் சொல்லி மீண்டும் சோதித்தார். அப்போதும் பச்சை நிறமே வந்தது. அத்தாய் தொடர்ந்து கொண்டுவந்து கொடுத்த சிறுநீரிலிருந்து, நிறம் மாறக் காரணமான பினைல்பைருவிக் அமிலத்தை அவர் பிரித்தெடுத்தார். பின்னர் காப்பகங்களில் இருந்த நூற்றுக்கணக்கானோரைச் சோதித்து, மேலும் எட்டுப் பேருக்கு இதே குறை இருப்பதைக் கண்டார். ஒரு வேதிவினைக் கோளாறு அறிவு வளர்ச்சியைத் தடுக்க முடியும் என்பது இதனால் தெளிவாயிற்று. எனினும் கேள்வி கேட்ட தாயின் குழந்தைகளுக்குக் கொடுக்க அன்று மருந்து எதுவும் இல்லை.

இந்நோயால் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக்கின் குடும்பமும் ஒன்று. அவருடைய மகள் 1920-இல் பிறந்தார். அக்காலத்தில் அக்குழந்தையின் நோய்க்குப் பெயரே இல்லை. நோய் இன்னதென்று தாய்க்குத் தெரியவந்தபோது பல பத்தாண்டுகள் கடந்திருந்தன. மகளைப் பற்றி அவர் 1950-இல் வெளியிட்ட நூல், இத்தகைய குழந்தைகளை மறைத்து வைக்கும் வழக்கத்தைப் பலரும் எண்ணிப் பார்க்கச் செய்தது.

உணவே மருந்தாதல்

1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஓர் இளங்குழந்தைக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. சிகிச்சை இல்லை என்ற பதிலை அக்குழந்தையின் தாய் ஏற்கவில்லை. ஏதாவது செய்யுங்கள் என்று மருத்துவர் ஹார்ஸ்ட் பிக்கலிடம் மீண்டும் மீண்டும் வந்து வற்புறுத்தினார். பினைல்அலனின் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற கருத்தை லூயிஸ் உல்ஃப் என்ற வேதியியலாளர் முன்பே கூறியிருந்தார். பிக்கல், ஜான் ஜெரார்டு, ஈவ்லின் ஹிக்மன்ஸ் ஆகிய மூவரும் பால் புரதத்தைச் சிதைத்து, கரித்தூள் வழியாக வடித்துப் பினைல்அலனினை நீக்கி, அக்குழந்தைக்கான உணவைத் தயாரித்தனர்.

சில மாதங்களில் மாற்றம் தெரிந்தது. தலையை மோதிக்கொண்டு அழுதுகொண்டிருந்த குழந்தை தவழவும் பிடித்து நிற்கவும் தொடங்கியது. வெளிறிய முடி கருமை கொண்டது. இது உணவின் பயன்தானா என்று உறுதிசெய்ய, தாய்க்குத் தெரிவிக்காமல் உணவில் பினைல்அலனினை மருத்துவர்கள் சேர்த்தனர். குழந்தை விரைவிலேயே பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கியது. தாய்க்குச் சொல்லாமல் இவ்வாறு செய்வது இன்றைய மருத்துவ அறத்துக்கு ஒவ்வாது. ஆனாலும் உணவுக் கட்டுப்பாடே சிகிச்சை என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது.

இதிலிருந்து கசப்பான வேறோர் உண்மையும் புலப்பட்டது. கெட்டுப்போன மூளையை உணவால் மீட்க முடியாது. கெடாமல் காக்க மட்டுமே முடியும். ஆகவே பிறந்த சில நாட்களிலேயே உணவைத் தொடங்க வேண்டும். ஈரத் துணியில் பெரிக் குளோரைடு விட்டுப் பார்க்கும் எளிய சோதனை 1950-களில் வழக்கத்துக்கு வந்தது. ஆனால் பிறந்து சில வாரங்கள் ஆன பின்னரே பச்சை நிறம் நம்பத்தக்க அளவில் தோன்றும் என்பதால், விலைமதிப்பற்ற நாட்கள் வீணாயின. சிகிச்சை இருந்தது, காலத்தில் கண்டறிய வழி இல்லை.

ராபர்ட் கத்ரியின் வடிதாள்

இந்த இடைவெளியை நிரப்பியவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கத்ரி (1916–1995). நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அவருடைய மகன் ஒருவருக்கு வேறு காரணத்தால் அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. அதனால் அத்துறையின் பக்கம் அவர் திரும்பினார். உணவுக் கட்டுப்பாட்டில் உள்ள குழந்தைகளின் குருதியில் பினைல்அலனினை எளிதாக அளக்க ஒரு வழி வேண்டும் என்று உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் கேட்டபோது, தாம் புற்றுநோய் ஆய்வில் கையாண்ட பாக்டீரியா முறையையே கத்ரி அதற்குப் பயன்படுத்தினார்.

1958-இல் அவருடைய மனைவியின் உறவில் ஒரு பெண் குழந்தைக்குப் பினைல்கீட்டோனூரியா இருப்பது தெரியவந்தது. அப்போது குழந்தைக்கு வயது 15 மாதம், காலம் கடந்துவிட்டது. நோயாளிகளுக்கு மட்டுமன்றிப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை செய்யப்பட வேண்டும் என்று கத்ரி உறுதிகொண்டது இதன் பின்னர்தான்.

அவருடைய முறை எளிமையானது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவைக் கூழ்த்தட்டில் இட்டு, அது வளராமல் தடுக்கும் வேதிப்பொருள் ஒன்றையும் சேர்த்தார். குருதி உலர்ந்த வடிதாளிலிருந்து சிறு வட்டங்களை வெட்டி அத்தட்டில் வரிசையாக வைத்தார். குருதியில் பினைல்அலனின் மிகுந்திருந்தால் அது தடைப்பொருளின் வலிமையை முறியடித்துவிடும். அந்த வட்டத்தைச் சுற்றிப் பாக்டீரியா வளையமாக வளரும். வளையம் பெரிதானால் பினைல்அலனினும் மிகுதி. ஒரே தட்டில் பல குழந்தைகளின் மாதிரிகளை ஓர் இரவில் சோதிக்க முடிந்தது.

பாக்டீரியாவைவிட நெடுநாள் நிலைத்த பயனைத் தந்தது வடிதாள். ஊசிக்குழலும் கண்ணாடிக் குழாயும் குளிர்பெட்டியும் தேவைப்படவில்லை. உலர்ந்த குருதிப் பொட்டைச் சாதாரண உறையில் வைத்து அஞ்சலில் அனுப்பலாம். சிற்றூர் மருத்துவமனையில் பிறந்த குழந்தையும் தொலைவிலுள்ள ஆய்வகத்தின் பயனைப் பெற முடிந்தது. அடா சூசி என்பவருடன் இணைந்து கத்ரி இம்முறையை 1963-இல் ஆய்விதழில் வெளியிட்டார். அதற்குள் பல மாநிலங்களில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு இச்சோதனை செய்யப்பட்டிருந்தது.

சட்டமும் விலையும்

1963-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. மருத்துவத்தில் அரசு தலையிடக் கூடாது என்று மருத்துவர்களில் ஒரு சாரார் எதிர்த்தனர். அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கங்கள் சட்டத்தை ஆதரித்துப் போராடின. பிரிட்டனில் இச்சோதனை 1969-இல் நாடு முழுவதற்குமாகக் கொண்டுவரப்பட்டது.

சோதனைப் பொருட்களின் விலை பற்றியும் சர்ச்சை எழுந்தது. 500 குழந்தைகளைச் சோதிக்கும் பொருட்களைக் கத்ரியின் ஆய்வகம் சுமார் 6 டாலர் செலவில் தயாரித்தது. உற்பத்தி உரிமை பெற முயன்ற நிறுவனம் அதற்கு 262 டாலர் விலை குறித்தது. கத்ரி இதை வெளிப்படையாக எதிர்த்தார். பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் பலன் பொதுமக்களுக்கே உரியது என்று அரசு முடிவு செய்தது. கத்ரி தம் கண்டுபிடிப்புக்கு உரிமைத் தொகை எதையும் பெற்றுக்கொள்ளவில்லை.

தவறுகளும் திருத்தங்களும்

தொடக்க ஆண்டுகளில் தவறுகளும் நேர்ந்தன. பினைல்அலனின் சற்றே உயர்ந்திருந்த, உண்மையில் நோயில்லாத குழந்தைகள் சிலருக்கும் கடுமையான உணவுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலம் கிடைக்காமல் அவர்கள் பாதிக்கப்பட்டனர். முதல் சோதனை ஐயத்தை மட்டுமே காட்டும், உறுதிசெய்ய இரண்டாம் சோதனை வேண்டும் என்ற நெறி இதனால் வலுப்பெற்றது.

பள்ளி வயது தொடங்கும்போது உணவுக் கட்டுப்பாட்டை விட்டுவிடலாம் என்றும் அன்று கருதப்பட்டது. அவ்வாறு விட்டவர்களில் நலமாக வளர்ந்த பெண்கள் பின்னர் தாயானபோது, அவர்களின் குருதியில் உயர்ந்திருந்த பினைல்அலனின் கருவைத் தாக்கியது. அந்நோய் இல்லாத கருவும் மூளைக் குறைபாட்டுடன் பிறந்தது. இதன்பின், கருவுறுவதற்கு முன்பே கட்டுப்பாடு தொடங்க வேண்டும் என்றும், உணவு முறையை வாழ்நாள் முழுவதும் தொடர்வதே நல்லது என்றும் மருத்துவர்கள் அறிவுறுத்தலாயினர். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி சேர்ந்த குளிர்பானங்களின் புட்டியில், பினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு உரியதன்று என அச்சிடப்படுவதும் இந்நோயை முன்னிட்டே.

பிற நோய்களுக்கு விரிதல்

ஒரு நோய்க்காக எடுத்த குருதிப் பொட்டு வேறு பல நோய்களுக்கும் உதவியது. 1970-களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஷான் துசோ, பிறவித் தைராய்டு குறைபாட்டை இதே வடிதாளிலிருந்து கண்டறியும் முறையை வகுத்தார். தைராய்டு நீர் சுரக்காத குழந்தைக்கு முதல் சில வாரங்களுக்குள் மருந்து கொடுத்தால் அறிவு வளர்ச்சி தடைபடாது. மருந்தோ விலை குறைந்த சிறு மாத்திரை; பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து நாள்தோறும் கொடுக்கலாம்.

அரிவாளணுச் சோகையுள்ள குழந்தைகளுக்கு நாள்தோறும் பென்சிலின் கொடுத்தால் உயிருக்கு ஆபத்தான தொற்றுகள் பெரிதும் குறையும் என்று 1986-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன்பின் அமெரிக்காவில் அந்நோய்க்கான சோதனையும் பரவியது. 1990-களில் அடுக்கு நிறை நிறமாலை முறை வந்தது. ஒரே குருதிப் பொட்டிலிருந்து பல நோய்களைச் சில நிமிடங்களில் காணும் வசதி கிடைத்ததால், கத்ரியின் பாக்டீரியாத் தட்டுகள் மெல்ல ஓய்வு பெற்றன. வடிதாள் மட்டும் மாறவில்லை.

இந்தியாவில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்தது. பிறவித் தைராய்டு குறைபாடு 1,130 குழந்தைகளில் ஒருவருக்கு இருந்தது. சென்னையில் 727 பேரில் ஒருவருக்கு. மேலை நாடுகளில் முன்பு கணக்கிடப்பட்ட, ஏறத்தாழ 3,000 முதல் 4,000 பேரில் ஒருவர் என்ற அளவைவிட இது மிகுதி. அத்தை மகன், மாமன் மகள் போன்ற நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் இருப்பதால், பினைல்கீட்டோனூரியா போன்று இரு பெற்றோர் வழியாக வரும் நோய்களின் வாய்ப்பும் கூடுகிறது.

2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறவிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பணி நடைபெறுகிறது. ஆனால் குதிகால் குருதிச் சோதனை இன்னும் எல்லா மாநிலங்களிலும் ஒரே சீராகப் பரவவில்லை. குருதி எடுப்பதோடு இப்பணி முடிந்துவிடுவதும் இல்லை. முடிவு விரைவில் வர வேண்டும். பெற்றோரைத் தேடிச் சொல்ல வேண்டும். மருந்து தொடர்ந்து கிடைக்க வேண்டும். மகப்பேற்றுக்குத் தாய்வீடு சென்று, சில மாதங்களில் கணவர் வீடு திரும்பும் தாய்மாரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் மாறிவிட்டால் அச்சங்கிலி அறுந்துபோகும்.

ஒஸ்லோவின் தாய் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. பர்மிங்காமின் தாய் கேட்ட சிகிச்சையும் கிடைத்தது. அவ்விரு விடைகளும் அவர்களின் குழந்தைகளுக்கு முழுமையாகப் பயன்படவில்லை. பின்னர் பிறந்த குழந்தைகளுக்கே பயன்பட்டன. நோய் கண்டறியப்பட்டு உரிய காலத்தில் உணவைத் தொடங்கிய குழந்தைகள் இன்று மற்றவர்களைப் போலவே பள்ளிக்குச் செல்கின்றனர், வேலை பார்க்கின்றனர். பிறந்த முதல் வாரத்தில் ஒற்றி எடுத்த சில துளி குருதியே அதற்குக் காரணம்.